ஆந்தை டிரைவரின் கழுத்து

அந்தக் கண்டக்டர் தன் உத்தியோகத்தில் பாதிக் காலம் விசில் ஊதாமலே பஸ்ஸைக் கிளப்பியவர். விசில் இல்லாமல் இல்லை. நீலக் கயிற்றில் கோத்து, சட்டைப் பையில் புத்தம் புதிதாகக் கிடந்தது. ஊதினால்தானே பழசாகும்.

காரணம் அவருடைய டிரைவர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்கள் இறங்கி ஏறி முடிந்ததும், டிரைவர் ஒரு கையை ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டு கழுத்தை முழுசாகப் பின்னால் திருப்புவார். தொங்கும் கைகளையும் பைகளையும் தாண்டி அவர் பார்வை பின்வாசல்வரை வந்து கண்டக்டரின் முகத்தில் நிற்கும். கண்டக்டர் மோவாயைக் கொஞ்சம் உயர்த்துவார். பஸ் நகரும். அவ்வளவுதான். மற்ற பஸ்களெல்லாம் விசிலால் காதைக் கிழித்துக்கொண்டிருக்க, இவர்களுடையது மட்டும் சத்தமில்லாமல் கிளம்பும். பணிமனையில் டிரைவருக்கு ஆந்தை என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "உங்க வண்டியெல்லாம் ஆறு மாசத்துக்கு ஒருக்கா எதுலயாவது மோதிட்டு வந்து நிக்குது. ஆந்தை வண்டியில ஒரு கீறல் இருக்கா, தடவிப் பாருடா" என்பார்.

இதைப் பெரிய நட்பு என்று சொல்லிவிட வேண்டியதில்லை. ஒரே தகரக் கூட்டுக்குள் ஒரே பாதையில் தினமும் போய்வரும் இரண்டு பேர் பழகிப்போவது இயல்பு. ஒரே வண்டியில் பூட்டிய மாடுகளும் பழகும். ஆனாலும் ஒரு நாளில் எத்தனையோ தடவை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து 'சரியா?', 'சரி' என்று கேட்டுச் சொல்லிக்கொள்வது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. கணவன் மனைவிக்குள்கூட அது வாரத்துக்கு ஒருமுறை நடந்தால் அதிகம். ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் கண்டக்டருக்கு நினைவில் நிற்பது பாதையல்ல, பணப்பையின் கனமல்ல. நெரிசலைப் பிளந்துகொண்டு வந்து தன் முகத்தைத் தேடிய அந்தக் கண்கள்தான்.

டிரைவருக்கு இவரைவிட நாலைந்து வயது கூட. முதலில் அண்ணே, தம்பி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். பள்ளி விடுமுறையில் டிரைவர் தன் மகனையும் கண்டக்டர் தன் மகளையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். இரண்டும் என்ஜின் மூடிமேல் போட்ட சாக்கில் உட்கார்ந்து, சூடு தாங்காமல் நெளிந்துகொண்டே சண்டை போடும். ஒருநாள் கடைசி நிறுத்தத்து டீக்கடையில் இரண்டும் ஒரே பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்ததைப் பார்த்து டிரைவர் சொன்னார்: "என்ன சம்பந்தி, இதுங்களுக்கு இப்பவே பேசி முடிச்சிரலாமா?"

"வரதட்சணையா பஸ்ஸக் கேப்பீங்களே."

"பஸ் வேண்டாம். தினமும் டீ நீதான் வாங்கித் தரணும். அதுவும் சர்க்கரை, கரண்டி நட்டுக்கிட்டு நிக்கிற மாதிரி."

அன்றிலிருந்து இருவரும் சம்பந்தி ஆனார்கள். டீ வாங்குவதும் கண்டக்டரின் வேலை ஆனது. கடைக்காரர் போடும் சர்க்கரை போதாதென்று கண்டக்டரே டப்பாவைத் திறந்து இன்னும் இரண்டு கரண்டி போட்டுக் கலக்கிக் கொண்டுவருவார். டிரைவர் ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். வெயிலில் தகதகக்கும் பஸ், கழற்றிப் போட்ட செருப்பு, எங்கோ ஒரு ரேடியோ. கண்டக்டருக்கு அந்தக் காலம் முழுவதுமே அந்த டீயின் நிறத்தில்தான் ஞாபகம் வருகிறது.

குழந்தைகள் வளர்ந்தார்கள். விளையாட்டாகச் சொன்ன வார்த்தை தினமும் சொல்லிச் சொல்லி விளையாட்டுதானா என்று தெரியாத ஒன்றாக ஆகியிருந்தது. ஒருநாள் கேன்டீனில் கைகழுவிக்கொண்டிருந்தபோது இன்னொரு கண்டக்டர் சொன்னார்: "உங்க ஆந்தையோட மகன், தன்கூட வேலை பாக்கற பொண்ணப் பதிவுக் கல்யாணம் பண்ணிக்கிட்டானாமே? ஒரு வாரம் ஆச்சாம். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அந்த ஒரு வாரமும் டிரைவர் அவர் கையால் டீ வாங்கிக் குடித்திருந்தார்.

வீட்டில் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, அவன் என் பல்பத்தையெல்லாம் தின்னவன். அவனையா நான் கட்டிக்கணும்? எனக்கு அவன் அண்ணன் மாதிரிப்பா."

மனைவியும் சேர்ந்துகொண்டாள். "பொண்ணே சிரிக்கிது. உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"கல்யாணம் பண்ணினது இல்லடி. எங்கிட்ட சொல்லலையே."

மறுநாள் முதல் நிறுத்தத்தில் ஆட்கள் ஏறி முடிந்தார்கள். கண்டக்டர் பின்வாசலில் நின்று காத்திருந்தார். என்ன முகத்தோடு திரும்புகிறார் பார்ப்போம் என்று இருந்தது அவருக்கு. டிரைவர் திரும்பவில்லை. அவருடைய பின்தலையும் சட்டைக் காலரும் அப்படியே இருந்தன. கொஞ்ச நேரம் பஸ் நின்றது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. கண்டக்டர் பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினார். பஸ்ஸே திடுக்கிட்டது. பின்சீட்டில் தினமும் வரும் ஆஸ்பத்திரி நர்ஸம்மா, "என்ன கண்டக்டர், உங்ககிட்ட விசில் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கும்மா. வேணுங்கறப்ப எடுப்போம்."

அதன்பிறகு டிரைவர் ஒருநாளும் திரும்பவில்லை. சம்பந்தி என்ற சொல் இருவர் வாயிலிருந்தும் உதிர்ந்துபோயிற்று. "டிரைவர் சார், டைம் ஆச்சு." "சரிங்க கண்டக்டர்." மரியாதை கூடக்கூடத் தூரம் கூடிற்று. டீயை அவரவர் வாங்கிக்கொண்டார்கள்.

சில மாதங்கள் கழித்து டிரைவர் ஒரு காரியம் செய்தார். முகம் மழிக்கிற சின்னக் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து, பழைய டியூப் ரப்பரால் முன்கண்ணாடி ஓரக் கம்பியில் வரிந்து கட்டினார். அதைச் சாய்த்துச் சாய்த்துப் பின்வாசல் தெரிகிற மாதிரி வைத்தார். பணிமனையில் சிரித்தார்கள். "ஆந்தைக்கு வயசாகிடுச்சு, கண்ணாடி கேக்குது." கண்டக்டர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பக்கூடாது என்பதற்காகக் காசு கொடுத்துக் கண்ணாடி வாங்கியிருக்கிறாரே, என்ன நெஞ்சழுத்தம் என்று நினைத்தார்.

டிரைவரின் தோரணையும் மாறியிருந்தது. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் நிற்பார், தலை திரும்பாது. காலை எடுத்துவைத்து உடம்போடு சுற்றித்தான் பார்ப்பார், கதவு திறக்கிற மாதிரி. காலர் பட்டனைப் போடுவதை விட்டுவிட்டார். பிடரி தடித்து மினுங்கியது. சர்வீஸ் ஏறி சீனியர் டிரைவர் ஆன சமயம் அது. பதவி உடம்பில் தெரிகிறது என்று பேசிக்கொண்டார்கள். கண்டக்டர் மறுத்துப் பேசவில்லை. நர்ஸம்மா மட்டும் ஒருநாள் கேட்டார்: "உங்க டிரைவருக்குக் கழுத்துல ஏதும் பிரச்சினையா? உடம்போட திரும்பறாரே."

"பிரச்சினை கழுத்துல இல்லம்மா. மனசுல."

நர்ஸம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். கண்டக்டருக்குத் தான் நன்றாகச் சொல்லிவிட்டதாக ஒரு திருப்தி.

இப்படி ஒன்றரை வருஷம்போல ஓடியது. பிறகு ஒரு காலை, கனத்த பையோடு ஒரு பெண் பின்படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். கண்டக்டர் சில்லறைத் தகராறில் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு விசிலை ஊதிவிட்டார். முன்பு என்றால் அவர் அசந்தாலும் டிரைவரின் கண் அசந்திருக்காது. அன்று பஸ் நகர்ந்தது. அந்தப் பெண் விழுந்தாள். முழங்கை சிராய்ந்ததோடு போயிற்று. ரோட்டில் உருண்ட தக்காளிகளைக் கண்டக்டர் இறங்கிப் பொறுக்கிக் கொடுத்தார்.

"பாத்து ஊத மாட்டீங்களா?" என்றார் டிரைவர், தன் இருக்கையிலிருந்து, முன்னால் பார்த்தபடியே.

"திரும்பிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்!"

அன்று மாலையே கண்டக்டர் பணிமனை மேலாளரிடம் போய், தனக்கு வேறு டிரைவர் வேண்டும் என்றார். மேலாளர் காரணம் கேட்டார். "ஒத்துவரல சார்" என்றார். அடுத்த மாதத்திலிருந்து மாற்றித் தருவதாக மேலாளர் சொன்னார். வெளியே வந்தபோது ஜெயித்த மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்தார். அப்படி இல்லை. பல்லைப் பிடுங்கிய இடத்தை நாக்கு தேடுவது மாதிரி இருந்தது.

மாதம் முடிய இன்னும் இரண்டு வாரம் இருக்கும்போது பெருமழை பிடித்துக்கொண்டது. டிரைவர் இருக்கைக்கு மேலே கூரை ஒழுகி, பணிமனைக்கு வந்து சேரும்போது அவர் தொப்பலாக நனைந்திருந்தார். ஓய்வறையில் வேறு யாரும் இல்லை. டிரைவர் சட்டையைக் கழற்ற முயன்றார். ஈரத்துணி தோளில் ஒட்டிக்கொண்டது. கையைப் பின்னால் கொண்டுபோக முடியவில்லை. மேலேயும் தூக்க முடியவில்லை. சட்டை பாதி முதுகில் சுருண்டு நிற்க, சுவரைப் பார்த்தபடி அவர் அசைந்து அசைந்து போராடியதைக் கண்டக்டர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கருணையால் எழுந்தார் என்று சொல்ல முடியாது. அந்தத் திண்டாட்டம் பார்க்கப் பொறுக்கவில்லை, எரிச்சலாக இருந்தது, அவ்வளவே.

"விடுங்க, நான் உருவறேன்" என்று காலருக்கடியில் கையை விட்டார்.

கை நின்றுவிட்டது.

அது மனிதத் தோல் மாதிரி இல்லை. பலகைமேல் இறுக்கி இழுத்து ஆணியடித்த ரெக்ஸின் மாதிரி இருந்தது. பஸ் சீட்டில் தட்டினால் உள்ளே கட்டை தெரியுமே, அப்படி. பிடரியிலிருந்து தோள்பட்டை வரை, அதற்குக் கீழேயும், ஒரே விறைப்பு. நெருங்கிப் பார்த்தால் ஆரஞ்சுத் தோல்போலப் புள்ளிகள். கண்டக்டர் இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். கிள்ள ஒரு மடிப்புக்கூட எழும்பவில்லை.

"என்ன இது?"

"என்னது?"

"முதுகு. கல்லு மாதிரி இருக்கு. எவ்வளவு நாளா?"

"தெரியல." டிரைவர் சுவரிடம் பேசினார். "வலி இல்ல. அரிப்பு இல்ல. இறுகிக்கிட்டே வருது."

"அப்ப அந்தக் கழுத்து..."

"வரல."

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் காலை நகர்த்தி, உடம்போடு சுற்றி, வெகுநாளைக்குப் பிறகு கண்டக்டருக்கு நேர் எதிரே வந்து நின்றார். சட்டை இன்னும் ஒரு தோளில் தொங்கியது.

"முதல்ல நானாத்தான் திரும்பல, சம்பந்தி. பையன் பண்ணின காரியம்... உன் மூஞ்சியப் பாக்க முடியல. கொஞ்ச நாள் போகட்டும், ஆறிடும், அப்புறம் திரும்பிக்கலாம்னு இருந்தேன். சரி, ஆறியிருக்கும்னு ஒருநாள் திரும்பறேன், கழுத்து வரல. நான் பிடிச்ச வீம்பு கழுத்துல ஏறி உக்காந்துக்கிச்சுன்னே நினைச்சேன்."

"அதுக்கு வாயத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"சொன்னா வண்டிய விட்டு இறக்கிடுவாங்க. அதான் கண்ணாடி கட்டினேன். அதுல உன்னத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். நீ மோவாயத் தூக்குவேன்னு. நீதான் நிறுத்திட்ட."

கண்டக்டர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஒரு மனிதனின் முதுகைப் பார்த்து அவன் மனத்தைப் படித்துவிட்டதாக இத்தனை நாள் இருந்திருக்கிறார். அதிலும் ஒரு பாதி சரியாகத்தான் படித்திருந்தார் என்பதுதான் விசித்திரம். முழுப் பிழையைத் திருத்துவது சுலபம். பாதி சரியான பிழை அசையாமல் உட்கார்ந்துவிடுகிறது.

மறுநாள் நர்ஸம்மாவிடம் விவரத்தைச் சொன்னார். "அன்னிக்கே கேட்டேனே" என்று அவர் சொல்லவில்லை. தோல் டாக்டரிடம் நேரம் வாங்கிக் கொடுத்தார். டிரைவர் தனியாகப் போகமாட்டார் என்று தெரிந்து, கண்டக்டரும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனார்.

டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. டிரைவரின் பிடரியைக் கிள்ளிப் பார்த்தார், தோளைத் தூக்கச் சொன்னார், தலையைத் திருப்பச் சொன்னார். தோலைப் பற்றி ஏதோ கேட்கப்போகிறார் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவர் கேட்டது வேறு.

"சர்க்கரை எத்தனை வருஷமா இருக்கு?"

கண்டக்டர் சிரித்தார். "சர்க்கரையா? இவருக்கா? அதெல்லாம் இல்லைங்க."

தரையைப் பார்க்கக் கழுத்து குனியாததால் டிரைவர் நேரே சுவரைப் பார்த்தார். "ஒரு... எட்டு ஒன்பது வருஷமா இருக்குங்க."

"மாத்திரை?"

"ஞாபகம் வந்தாப் போடுவேன்."

"டாக்டர்," என்றார் கண்டக்டர், "இவர் எங்கிட்ட சொல்லாதது இன்னும் எத்தனை இருக்கு, அதையும் சேத்துப் பாத்துச் சொல்லிடுங்க." சொல்லும்போதே அவருக்கு அந்த டீ ஞாபகம் வந்தது. டப்பாவைத் திறந்து தன் கையால் போட்ட கரண்டிகள்.

முதுகிலிருந்து ஒரு சிறு துணுக்குத் தோலை எடுத்துச் சோதித்தார்கள். அடுத்த தடவை போனபோது டாக்டர் விளக்கினார். ஸ்கிளரெடீமா என்று பெயர். அபூர்வமாகத்தான் பார்க்கக் கிடைக்கும். கவனிக்காமல் விட்ட சர்க்கரை பல வருஷம் உடம்பில் இருந்தால், சிலருக்குப் பிடரியிலும் மேல்முதுகிலும் தோல் உள்ளுக்குள் தடித்து இறுகிவிடும். "வலிக்காது, அசிங்கமாத் தெரியாது. அதனாலதான் யாரும் சீக்கிரம் வர்றதில்ல. கழுத்துச் சுளுக்குன்னு நினைப்பாங்க, வயசுன்னு நினைப்பாங்க."

"கொழுப்புன்னு நினைப்பாங்க" என்றார் டிரைவர்.

கண்டக்டர் தலையைக் குனிந்துகொண்டார். "இது ஒரு மாசத்துல, ரெண்டு மாசத்துல வர்றதா டாக்டர்?"

"இவருக்கு மெதுவாத்தான் வந்திருக்கும். வருஷக்கணக்கா."

அப்படியானால் மகனின் கல்யாணத்துக்கு முன்பே தொடங்கியிருக்கிறது. கண்டக்டர் யோசித்துப் பார்த்தார். ஆமாம், அந்தக் கடைசி வருஷங்களில் டிரைவர் திரும்பும்போது கழுத்தோடு தோளும் சேர்ந்து வந்தது. இருக்கையில் ஒரு பக்கம் எம்பித்தான் திரும்பினார். தினமும் பார்த்த முகம். அது தன்னிடம் வந்துசேர எவ்வளவு பாடுபட்டது என்பது கண்ணில் படவில்லை.

"சரியாகுமா?" என்று டிரைவர் கேட்டார்.

"சர்க்கரையக் கட்டுக்குள்ள கொண்டுவரணும், அது உங்க உசுருக்கு. கழுத்துக்கு ஒளி சிகிச்சையும் பயிற்சியும் குடுப்போம். கொஞ்சம் இளகும். பழைய கழுத்து அப்படியே வரும்னு நான் சொல்லமாட்டேன்."

"வண்டி?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க டிரைவர். நீங்களே சொல்லுங்க."

டிரைவர், "அந்தப் பொம்பள விழுந்துச்சே" என்றார். கண்டக்டருக்குத்தான் அது புரிந்தது.

டிரைவர் தானாகப் போய் மேலாளரிடம் சொல்லி, டயர் ஸ்டோருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். கண்டக்டர் கேட்டுவைத்த புது டிரைவர் சொன்னபடி அடுத்த மாதம் வந்தார். கேட்டது கிடைத்தது. விசில் இரண்டே வருஷத்தில் மங்கிப்போயிற்று. கண்டக்டர் தினமும் ஷிப்ட் முடிந்ததும் டயர் ஸ்டோருக்குப் போவார். வாசல் வழியாகப் போனால் டிரைவரின் முதுகுதான் இருக்கும். அதனால் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்க ஜன்னலுக்கு வந்து, முகத்துக்கு நேரே நின்று, "சம்பந்தி" என்பார். சர்க்கரை போடாத டீயை ஜன்னல் வழியாக நீட்டுவார்.

"இத டீன்னு சொல்ல வெக்கமா இல்லையா?"

"குடிங்க. கழுத்துக்கு நல்லது."

சிகிச்சையில் தோல் கொஞ்சம் இளகியது. தோளுக்குமேல் கை தூக்க வந்தது. கழுத்து பாதித் தூரம் திரும்பி நின்றுகொண்டது. டிரைவரின் மகனும் மருமகளும் கைக்குழந்தையோடு கண்டக்டர் வீட்டுக்கு ஒருநாள் வந்தார்கள். கண்டக்டரின் மகள் பல்பக் கதையைச் சொல்லி மருமகளைச் சிரிக்க வைத்தாள்.

டிரைவர் முதலில் ஓய்வுபெற்றார். நாலைந்து வருஷம் கழித்துக் கண்டக்டரின் கடைசி நாளும் வந்தது. அன்று காலை, புறப்படும் இடத்தில், இஸ்திரி போட்ட சட்டையோடு டிரைவர் பின்வாசல் வழியாக ஏறினார். நர்ஸம்மா வழக்கமாக உட்காரும் பின்சீட்டின் நடுவில் போய் உட்கார்ந்தார். அதற்குப் பின்னால் பஸ்ஸில் ஒன்றும் இல்லை. கழுத்தைத் திருப்ப வேண்டிய அவசியமே இல்லாமல் முழு பஸ்ஸும் அவர் பார்வைக்கு எதிரே இருந்தது.

"டிக்கெட்" என்றார் கண்டக்டர்.

"பாஸ் இருக்கு."

"எடுத்துக் காட்டுங்க. பழைய ஸ்டாஃப்புங்கதான் நிறைய ஏமாத்தறாங்க."

"நல்லாப் பாத்துக்க. போட்டோவுல கழுத்து எவ்வளவு ஒல்லியா இருக்கு பாரு."

பஸ் நிறைந்தது. கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே நெரிசலில் முன்வாசல்வரை போய்விட்டார். முதல் நிறுத்தம். ஆட்கள் இறங்கி ஏறினார்கள். அவர் விசிலை வாயில் வைத்தார். பின்படியில் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கத் திரும்பினார்.

கைகளையும் பைகளையும் தாண்டி, பின்சீட்டிலிருந்து அந்தக் கண்கள் பின்படியை ஒருமுறை பார்த்துவிட்டு அவர் முகத்துக்கு வந்து நின்றன. மோவாய் உயரவில்லை, அந்தக் கழுத்துக்கு அது முடியாது. புருவம் உயர்ந்தது.

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். குனிந்து, புது டிரைவரின் தோளில் மெல்லத் தட்டினார்.

"போலாம், தம்பி."